டபுள் டிலைட் ரோஜா: நிறமும் மணமும் குன்றாமல் வளர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

டபுள் டிலைட் ரோஜாவைப் படத்தில் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் பிறகு சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டுதான். படத்தில் கண்ட சிவப்பு தங்கள் செடியின் பூவில் வரவில்லை என்பது ஒன்று. இளந்தளிர்களில் எல்லாம் மாவு தூவியதுபோல் வெள்ளை படிந்துவிடுகிறது என்பது மற்றொன்று. இந்த இரண்டும் தனித்தனிக் குறைகள் போலத் தோன்றினாலும், பெரும்பாலான வீடுகளில் இவற்றுக்கான காரணம் ஒன்றே: செடிக்கு வேண்டிய வெயிலும் காற்றோட்டமும் இல்லாத மூலையில் அது வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் உரத்தைவிட இடத்துக்கும், மருந்தைவிடக் கவாத்துக்கும், அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவதற்கும், அதிக இடம் கொடுத்திருக்கிறேன். முதலில் இந்த ரகம் எத்தகையது என்பதைத் தெரிந்துகொண்டால், பிறகு செய்ய வேண்டிய ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

எங்கிருந்து வந்தது

அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஸ்விம், எல்லிஸ் ஆகிய இருவர் உருவாக்கிய இந்த ஹைப்ரிட் டீ வகை (நீண்ட காம்பில் பெரிய பூ பூக்கும் கலப்பின வகை) ரோஜா 1977ஆம் ஆண்டில் ஆம்ஸ்ட்ராங் நர்சரி வழியாக விற்பனைக்கு வந்தது. கிரனடா என்னும் ரகத்தைத் தாயாகவும், கார்டன் பார்ட்டி என்னும் ரகத்தைத் தந்தையாகவும் கொண்டு இது பிறந்தது. இந்தப் பெற்றோரைத் தெரிந்துகொள்வதில் பயன் இருக்கிறது. கார்டன் பார்ட்டி, 1945இல் அறிமுகமாகி உலகம் முழுவதும் பரவிய பீஸ் ரோஜாவின் வழித்தோன்றல். அதன் பூ பாலேடு நிறத்தில் இருந்து விளிம்பில் மட்டும் இளஞ்சிவப்பு காட்டும். கிரனடாவோ சிவப்பும் மஞ்சளும் கலந்த, காரமான மணமுள்ள ரகம். விளிம்பு சிவக்கும் தன்மை ஒரு பக்கத்திலிருந்தும், மணம் மறுபக்கத்திலிருந்தும் வந்து ஒரே பூவில் சேர்ந்திருக்கின்றன என்று சொல்லலாம். கூடவே ஒரு பலவீனமும் வந்தது. பெற்றோர் இரண்டுமே, தளிர்களில் மாவுபோல் வெள்ளை படியும் சாம்பல் நோய்க்கு எளிதில் இடங்கொடுப்பவை.

அறிமுகத்துக்கு முந்தைய ஆண்டே பாடன்-பாடன், ரோம் ஆகிய நகரங்களின் ரோஜாப் போட்டிகளில் தங்கப் பதக்கம் பெற்ற டபுள் டிலைட், 1985இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு வழங்கும் புகழ் மண்டபச் சிறப்பையும், 1986இல் மணத்துக்கென்றே அளிக்கப்படும் ஜேம்ஸ் அலெக்சாண்டர் கேம்பிள் விருதையும் பெற்றது. நிறத்துக்காகப் பேசப்படும் ஒரு ரோஜா மணத்துக்கான விருதைப் பெற்றது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அதன் தாயான கிரனடாவும் முன்பு இதே மண விருதைப் பெற்ற ரகமே.

ஒரு பூவை ஐந்து நாள் பார்த்தால்

மொட்டு நீண்டு, கூராக, ஊசிக்கோபுரம் போல நிற்கும். புல்லி இதழ்கள் விலகும்போது உள்ளே தெரிவது சிவப்பன்று. பாலேட்டு வெண்மை, அதன் நுனியில் மட்டும் நகத்தில் மருதாணி பிடித்ததுபோல் ஒரு கீற்று. மறுநாள் வெளியிதழ்கள் பின்னோக்கி மடங்கும்போது, வெயில் பட்ட விளிம்புகளில் அந்தக் கீற்று ஒரு விரற்கடை அகலத்துக்குப் பரவியிருக்கும். மூன்றாம் நாள் பூ முக்கால்வாசி விரிந்து, நடுவில் சுருண்ட இதழ்கள் வெளிர் மஞ்சள் கலந்த வெண்மையாகவும், சுற்றிலும் உள்ளவை செர்ரிச் சிவப்பாகவும் நிற்கும். இந்த ரகம் மிக அழகாக இருக்கும் நிலை இதுவே. நான்காம், ஐந்தாம் நாட்களில் சிவப்பு உள்நோக்கி இறங்கிக்கொண்டே போய், இறுதியில் பூ முழுவதும் ஸ்ட்ராபெர்ரிச் சிவப்பாகிவிடுவதும் உண்டு. ஒரே செடியில் ஒரே நேரத்தில் மூன்று பூக்கள் இருந்தால் மூன்றும் மூன்று நிறத்தில் இருக்கும்; அதைக் கண்டு செடி மாறிவிட்டதோ என்று ஐயப்பட வேண்டியதில்லை.

இந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்னும் நிறமியால் வருகிறது. இந்த ரகத்தில் அந்த நிறமி உருவாவதைத் தூண்டுவது வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர்கள். இதழின் எந்தப் பகுதியில் வெயில் நேரடியாகப் படுகிறதோ அந்தப் பகுதி சிவக்கிறது. மற்றோர் இதழால் மறைக்கப்பட்ட பகுதி வெள்ளையாகவே இருந்துவிடுகிறது. இதைக் கண்ணாரக் காண விரும்பி ஒருமுறை தொட்டிச் செடி ஒன்றை மொட்டு பிளக்கும் முன்பே தடித்த கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, ஆனால் பூ ஏறக்குறைய முழு வெண்மையாக, ஓரத்தில் மங்கிய இளஞ்சிவப்போடு மட்டுமே விரிந்தது. கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது என்பதே காரணம். மணம் மட்டும் வெளியில் இருந்த செடியின் பூவைப் போலவே இருந்தது; என் மூக்குக்கு வேறுபாடு தெரியவில்லை. நிறமும் மணமும் இந்தச் செடியில் வெவ்வேறு வழியில் உருவாகின்றன என்பதை அந்தப் பூ எனக்குத் தெளிவாகக் காட்டியது.

பூவின் அகலம் 12 முதல் 14 செ.மீ. வரை இருக்கும். இதழ்கள் 30 முதல் 45 வரை. பெரும்பாலும் ஒரு காம்புக்கு ஒரு பூ. சில வேளைகளில் மூன்று மொட்டுகள் சேர்ந்து வருவதும் உண்டு.

மணத்தைப் பற்றி

ரோஜாவின் மணம் ஒரே பொருளால் ஆனதன்று. பீனைல் எத்தனால், ஜெரானியால், சிட்ரோனெல்லால் போன்ற ஆவியாகும் சேர்மங்கள் பலவும் வெவ்வேறு அளவில் கலந்து ஒவ்வொரு ரகத்துக்கும் அதற்கே உரிய மணத்தைத் தருகின்றன. 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், ரோஜா இதழ்களில் ஜெரானியால் உருவாவதற்கு எதிர்பாராத ஒரு நொதி காரணமாக இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். மணமுள்ள ரோஜாவில் அந்த நொதிக்கான மரபணு சுறுசுறுப்பாகவும், மணமற்ற ரோஜாவில் மிகவும் மந்தமாகவும் இருந்தது. அழகாக இருந்தும் மணமில்லாத ரோஜாக்கள் ஏன் உள்ளன என்பதற்கு இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது.

டபுள் டிலைட்டின் மணத்தைக் காரமும் கனிச்சுவையும் சேர்ந்த மணம் என்று வருணிப்பது வழக்கம். முகர்ந்தவுடன் கிராம்பை நினைவூட்டும் ஒரு காரம் எழும். ஒரு மூச்சு கழித்து, பழுத்த பழத்தின் இனிப்பு தங்கும். பன்னீர் ரோஜாவின் மென்மையை இதில் எதிர்பார்க்கக் கூடாது. இந்தச் சேர்மங்கள் இதழின் மேற்பரப்பு உயிரணுக்களில் உருவாகிக் காற்றில் கலப்பதால், நேரமும் வானிலையும் மணத்தை வெகுவாக மாற்றும். பனி உலர்ந்து, வெயில் சுடத் தொடங்காத முற்பகலில், பாதிக்கு மேல் விரிந்த பூவில்தான் மணம் நிறைந்திருக்கும். குளிர்ந்த, வறண்ட காற்று வீசும் நாளிலும், கொளுத்தும் உச்சி வேளையிலும் அதே பூவை முகர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். மொட்டு நிலையில் முகர்ந்து பார்த்து மணமில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு.

செடியைத் தேர்ந்தெடுப்பது

வெள்ளையும் சிவப்பும் கலந்த வேறு ரோஜாக்களும் இதே பெயரில் கைமாறுகின்றன. நாஸ்டால்ஜி என்னும் ரகத்தோடு இது அடிக்கடி குழம்பும். அதன் மொட்டு உருண்டையாக இருந்து, பூ கிண்ணம்போல் குவிந்து விரியும், இலை பளபளக்கும். டபுள் டிலைட்டின் மொட்டு கூரானது; இலை நடுத்தரப் பச்சையாக, அவ்வளவாகப் பளபளப்பின்றி, பெரிதாக இருக்கும். கூடுமானவரை பூவோடு இருக்கும் செடியை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மணம் இல்லையென்றால் அது வேறு செடி.

பூவைவிட அடித்தண்டைக் கவனிப்பது முக்கியம். வேறொரு ரோஜாவின் வேர்ச்செடியோடு இந்த ரகத்தை ஒட்டுக் கட்டிய இடம் பருத்து, வெடிப்போ கருமையோ இல்லாமல் உறுதியாக இருக்க வேண்டும். அதிலிருந்து பென்சில் பருமனுக்குக் குறையாத தண்டுகள் இரண்டு மூன்றாவது கிளம்பியிருக்க வேண்டும். நுனித் தளிர்கள் சுருண்டோ வெள்ளை படிந்தோ இருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள். நோயை விலை கொடுத்து வாங்க வேண்டாம். நேராக நிற்கும் புதர் வகை 90 முதல் 120 செ.மீ. உயரம் வளரும், வெப்பமான இடங்களில் இன்னும் சற்று உயரும். கொடி வகையும் உண்டு. அதற்குப் பந்தலோ சுவரோ வேண்டும் என்பதால், வாங்கும்போதே எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இடம்

நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். காலை வெயில் கட்டாயம். காரணம் இரண்டு: இரவில் இலைமேல் படிந்த ஈரத்தை அது விரைவில் உலர்த்திவிடும், இதழ்களைக் கருக்காமல் சிவக்கவும் வைக்கும். கடும் வெப்பமுள்ள இடங்களில் பிற்பகல் வெயிலிலிருந்து மட்டும் சிறிது நிழல் கிடைத்தால் பூ இரண்டு நாள் கூடுதலாக நிற்கும். ஆனால் நிழல்வலையின் கீழ் நாள் முழுவதும் வைத்துவிட்டு, சிவப்பு வரவில்லையே என்று உரத்தை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

மதில் சுவரை ஒட்டியோ, இரண்டு சுவர்கள் சேரும் மூலையிலோ நடுவதைத் தவிர்க்கவும். சுவரின் ஓரத்தில் காற்று தேங்கும். சாம்பல் நோய் முதலில் தோன்றுவது அங்கேதான். செடிக்குச் செடி 75 முதல் 90 செ.மீ. இடைவெளி விடுங்கள். நடும்போது இந்த இடைவெளி வெறுமையாகத் தெரியும். அதைக் கண்டு நெருக்கி நட்டவர்கள் அடுத்த ஆண்டு வருந்துவார்கள்.

நடவு

நிலத்தில் நடுவதானால் ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் உள்ள குழி தோண்டி, எடுத்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ கலந்து, இரண்டு கைப்பிடி எலும்புத்தூளும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்க்கவும். மண்ணின் கார அமில நிலை 6.0க்கும் 6.8க்கும் இடையில் இருப்பது ரோஜாவுக்கு ஏற்றது. குழியை நீரால் நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் நீர் நின்றால் அந்த இடத்தில் வடிகால் போதாது, மேட்டுப்பாத்தி அமைத்துத்தான் நட வேண்டும். குளிர் உறைபனியாக மாறாத இடங்களில் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை தெரியுமாறு நடவும். பனி உறையும் இடங்களில் அதே அளவு மண்ணுக்குள் இறக்கி நடவும். நட்ட முதல் வாரம் காற்றில் ஆடாமல் ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டிவையுங்கள்.

தொட்டியில் வளர்ப்பதானால் 40 செ.மீ.க்குக் குறையாத அகலமும் ஆழமும் வேண்டும். சிறிய தொட்டியில் செடி சாகாது. ஆனால் பூ சிறுத்து, இதழ் எண்ணிக்கை குறைந்து, தன் இயல்பையே காட்டாமல் போய்விடும்.

நீரும் உரமும்

நீரை வேரில் விடுங்கள், இலையில் விட வேண்டாம். நிலத்துச் செடிக்குத் தினமும் சிறிது தெளிப்பதைவிட வாரத்துக்கு இரண்டு முறை, ஓர் அடி ஆழம் நனையுமாறு பாய்ச்சுவது நல்லது. வேர் கீழே இறங்கும். தொட்டிச் செடிக்கு மேல்மண்ணில் விரலை இரண்டு கணு அளவு நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். காய்ந்த இலைதழைகளை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் தங்கும். ஆனால் தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்பவும்.

உரத்தில் மிகைதான் இந்த ரகத்துக்கு ஆபத்து. தழைச்சத்து கூடினால் தளிர் நீண்டு, மெலிந்து, மென்மையாகும். அத்தகைய தளிரில்தான் சாம்பல் நோய் முதலில் படியும். புதுத் தளிர் கிளம்பும்போது ஒருமுறையும், ஒவ்வொரு பூப்பு முடிந்து பழைய பூக்களைக் கழித்த பிறகு ஒருமுறையும், மக்கிய உரத்தோடு தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள உரத்தைச் சிறிதளவு கொடுத்தால் போதும். குளிர்காலத்தில் செடி உறங்கும் இடங்களில், அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே உரத்தை நிறுத்திவிட வேண்டும்.

கவாத்து

குளிர் நாடுகளில் குளிர்காலம் முடிந்து கணுக்கள் பருக்கத் தொடங்கும்போதும், வெப்ப நாடுகளில் மழை ஓய்ந்து இதமான காலம் தொடங்கும்போதும் ஆண்டுக் கவாத்தைச் செய்யலாம். முதலில் காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசுபவை ஆகியவற்றை அடியோடு நீக்குங்கள். பிறகு செடியின் நடுவை நோக்கி வளரும் கிளைகளை எடுத்துவிட்டு, வெளிப்புறமாகச் சாய்ந்த நான்கைந்து தண்டுகளை மட்டும், திறந்த கிண்ணம்போல் நிற்குமாறு விட்டுவையுங்கள். அந்தக் கிண்ணத்தின் நடுவே வெயில் இறங்கித் தரையைத் தொட வேண்டும். தண்டுகளை உயரத்தில் பாதி அளவுக்குக் குறைத்தால் போதும். மற்ற ஹைப்ரிட் டீ ரகங்கள் சிலவற்றைப் போல முழங்கால் உயரத்துக்கும் கீழே வெட்டுவது இந்தச் செடிக்கு ஒத்துவருவதில்லை என்பது என் அனுபவம். வெளிநோக்கிய கணுவுக்குச் சற்று மேலே, அரை விரற்கடை விட்டு, சாய்வாக வெட்டவும். கொடி வகையை முதல் இரண்டு ஆண்டுகள் கவாத்து செய்யாமல், தண்டுகளைக் கிடைமட்டமாக வளைத்துக் கட்டினால் கணுதோறும் பூக்கும்.

வாடிய பூக்களை நீக்கும்போது பூவை மட்டும் கிள்ளாமல், ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் வலுவான இலைக்கு மேலே வெட்டுங்கள். வெப்பமான காலத்தில் அங்கிருந்து அடுத்த பூ வர ஆறேழு வாரங்கள் ஆகும்.

ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் போத்துகளை மண்ணைத் தள்ளிப் பார்த்து, கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடுக்க வேண்டும். வெட்டினால் இரட்டிப்பாக முளைக்கும். ஏழு சிற்றிலை இருந்தால் போத்து என்று சொல்வார்கள். அதை நம்பி நல்ல தண்டை இழந்தவர்கள் உண்டு. கிளம்பும் இடம் எது என்பதே அடையாளம். வேர்ச்செடி டாக்டர் ஹ்யூயி ரகமாக இருந்தால், ஒருநாள் கருஞ்சிவப்பில் சிறிய பூக்கள் பூத்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும். அப்போது செடியின் பெரும்பகுதி ஏற்கெனவே கைமாறியிருக்கும்.

சாம்பல் நோய்

இந்த ரகத்தை வளர்ப்பவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய நோய் இது. தொடக்கத்தில் வெள்ளைப் பொடி தெரியாது. இளந்தளிரின் மேற்பரப்பு சற்று மேடு பள்ளமாகி, ஓரம் உட்புறமாகச் சுருண்டு, செந்நிறம் கூடியிருக்கும். அந்த இலையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் சிலந்தி நூல் போன்ற மெல்லிய படலம் தெரியும். அந்த நிலையிலேயே கண்டுகொண்டால் வேலை எளிது. மொட்டின் காம்பில் ஏறிவிட்டால் அந்தப் பூ சரியாக விரியாது.

மற்றப் பூஞ்சைகளைப் போல இது முளைக்க இலையில் நீர் தேங்க வேண்டியதில்லை. குளிர்ந்த, ஈரப்பதம் மிக்க இரவும், வெதுவெதுப்பான, உலர்ந்த பகலும் மாறி மாறி வந்தால் போதும். அதனால்தான் மழையே இல்லாத வாரங்களில் திடீரென்று தோன்றிப் பலரைத் திகைக்க வைக்கிறது. முதலில் நோயுற்ற தளிர்களைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். பின்னர் ஒரு லிட்டர் நீரில் 4 முதல் 5 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட்டும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் இருபுறமும் காலையில் தெளித்து, ஒரு வார இடைவெளியில் இருமுறை தொடரலாம். நீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத்தூளும் பயன் தரும்; ஆனால் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளிலும், வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரங்களுக்குள்ளும் அதைத் தெளித்தால் இலை கருகும். எந்த மருந்தானாலும் உறையில் உள்ள அளவை மீற வேண்டாம். இரண்டு முறை தெளித்தும் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் மருந்தை மாற்றுவதை விட்டுவிட்டுச் செடியின் இடத்தை மாற்றுங்கள். என்னிடம் சுவரோரம் மூன்று பருவம் நோயோடு இருந்த ஒரு தொட்டி, நான்கு அடி வெளியே நகர்த்திய பிறகு பெரும்பாலும் தேறிவிட்டது.

கரும்புள்ளி நோய் இதற்கு நேர்மாறானது. இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால்தான் தொற்றும். மாலையில் இலைமேல் நீர் தெளிக்காமல் இருப்பதும், உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும் பாதிக்கு மேல் தடுத்துவிடும். இதழ்கள் வெளிர்நிறமாக இருப்பதால் இலைப்பேன் இந்த ரகத்தை விரும்பித் தேடி வரும். மொட்டின் விளிம்பு பழுப்பாகிக் கருகியதுபோல் இருந்தால் அதைப் பறித்து ஒரு வெள்ளைத் தாள்மேல் உதறிப் பாருங்கள், நுண்ணிய மஞ்சள் பூச்சிகள் ஓடும். அத்தகைய மொட்டுகளை உடனே அகற்றுவதே சிறந்த வழி.

பெருக்குவதும் பறிப்பதும்

பூ உதிர்ந்த, பென்சில் பருமனுள்ள தண்டில் 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு நான்கு கணுக்களுடன் வெட்டி, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த ஈரமான கலவையில் பாதி ஆழம் ஊன்றலாம். நிழலில், ஈரப்பதம் குறையாமல் வைத்தால் ஐந்தாறு வாரங்களில் வேர் பிடிக்கும். ஆயினும் இந்த ரகம் சொந்த வேரில் மெதுவாகவே வளரும். முதல் ஓராண்டுக்கு வரும் மொட்டுகளைக் கிள்ளிவிடப் பொறுமை வேண்டும். மல்டிஃப்ளோரா போன்ற வேர்ச்செடியில் மொட்டு ஒட்டுக் கட்டினால் வளர்ச்சி வேகமாக இருக்கும்.

வீட்டுக்குள் வைக்கப் பூப் பறிப்பதானால், வெளியிதழ்கள் இரண்டு மூன்று விலகிய நிலையில், காலையிலேயே, நீரேறிய காம்போடு வெட்டி உடனே நீரில் வையுங்கள். உள்ளே வந்த பிறகு நிறம் அதிகம் ஏறாது என்பதால், எந்த அளவு சிவப்பு வேண்டுமோ அந்த அளவு வந்தபின் பறிக்க வேண்டும். நான் மூன்று பூக்கள் இருந்தால் இரண்டை மட்டுமே எடுத்து, ஒன்றைச் செடியிலேயே விட்டுவிடுவேன். அது முழுச் சிவப்பாகி இதழ் உதிரும் வரை தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன்.